அனுமதி வாங்கிப் பெற்ற பிள்ளை

பிள்ளை உண்டாவதற்கு முன்னாலேயே டொக்டரிடம் அனுமதி கேட்கப் போன முதல் பொம்பளை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். இதைச் சொன்னால் இப்போதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கும் சிரித்தார்கள். என் புருஷன் இரண்டு வாரம் தலை நிமிராமல் பெக்டரி வேலைக்குப் போய் வந்தார். எனக்கு மட்டும் வெட்கம் வரவில்லை. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். அதே கூத்தை இரண்டாம் தரமும் ஆட எனக்குத் தெம்பு கிடையாது.

நான் இருப்பது தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வேலை பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு ஊட்டி, துடைத்து, தூங்கவைப்பது என் பொறுப்பு. இப்போது வாசலில் சிறுவர் நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் எல்லோர் வாயிலும் அது பிள்ளைக் காம்பராதான். ஒரு நாளைக்குப் பதினாலு பதினைந்து பிள்ளைகள் என் மடியில் ஏறி இறங்கும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தாயோடு போய்விடும். கடைசித் தொட்டிலை அவிழ்த்து மடிக்கும்போது எனக்கு வயிறு எரியும். பொறாமைதான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு லூபஸ் நோய். கல்யாணமான அடுத்த வருஷம் வந்தது. இரண்டு கன்னமும் சிவந்து தடித்தன. விரல் மூட்டெல்லாம் வீங்கி, பால் போத்தல் மூடியைத் திருக முடியவில்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. என் மாமி, அதாவது புருஷனைப் பெற்றவர், என் முகத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மை என்று முடிவாகிவிட்டது. எங்கள் குளிரில் வேப்பமரம் ஏது? கண்டியிலிருந்து பஸ்ஸில் வேப்பிலைக் கொத்து வரவழைத்து நிலையில் சொருகி, எனக்கு மூன்று வாரம் கூழும் மோரும்தான். அம்மை இறங்குவதாகத் தெரியவில்லை. கால் இரண்டும் வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒங்க ஒடம்பே ஒங்க ஒடம்போட சண்ட போடுது" என்று விளக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமி, "வாய்தான் சண்ட போடும்னு நெனச்சேன், ஒடம்புமா?" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சண்டை சிறுநீரகம்வரைக்கும் போயிருந்தது.

நுவரெலியா கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளால் தேறினேன். கன்னம் தெளிந்தது, விரல்கள் மடங்கின. தேறிய கையோடு ஒரு மாசம் நாள் தள்ளிப் போயிற்று. நாள் தள்ளிப்போனால் மூன்று மாசம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், சொன்னால் கண்ணுபடும். லயத்தில் ஒரு காம்பராவில் பிள்ளை தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விஷயத்தை மறைப்பது லேசான காரியமில்லை. நான் மறைத்தேன். லயத்துக்கும் சொல்லவில்லை, கிளினிக்குக்கும் சொல்லவில்லை. அது போதாதென்று, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மருந்து தின்னக்கூடாது என்று நானே தீர்மானித்து, அத்தனை மாத்திரையையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைக்காகத் தியாகம் பண்ணுகிறேனாம்!

அவற்றில் ஒரு மாத்திரை உண்மையிலேயே வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதது. மற்றவை என்னைத் தாங்கிக்கொண்டிருந்தவை. எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஐந்தாம் மாசம் பிள்ளை போய்விட்டது. என்னையும் பத்து நாள் வைத்திருந்துதான் மீட்டார்கள். கிளினிக் டொக்டர் வந்து என் கட்டிலருகே நின்றார். நன்றாக ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த டொக்டர் ஒரு சிங்கள அம்மா. தமிழ் அவருக்குத் தட்டித் தடவித்தான் வரும். என்னுடையதும் சந்தைச் சிங்களம். இரண்டையும் கலந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பாஷை உண்டாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும் அன்று அவரிடம் கேட்டேன்: "எனக்குப் புள்ளயே கெடையாதா மேடம்?"

"யார் சொன்னது?" என்றார். "உன் நோய் முழிச்சிருக்கிற நேரம் பிள்ளை உண்டாச்சு. அது நல்லாத் தூங்குற நேரம் உண்டாகணும். தூங்குதா இல்லையான்னு உன் கண்ணுக்குத் தெரியாது. சோதனையில எனக்குத் தெரியும். நான் சொல்ற வரைக்கும் பொறு."

பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே இல்லாத சரக்கு. ஆனாலும் பொறுத்தேன். பிள்ளை உண்டாகாமலிருக்க லூப் போட்டுக்கொண்டேன். மாசா மாசம் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். குறைந்தது ஆறு மாசமாவது நோய் அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்; கிடந்தது. பிறகு பிள்ளைக்கு ஆகாத அந்த மாத்திரையை நிறுத்தி, ஆகுமான வேறொன்றுக்கு மாற்றினார். மாற்றிய பிறகும் நோய் கண் விழிக்கவில்லை என்று பார்க்க இன்னும் சில மாசம். முன்பு மலேரியாக்காரர்களுக்குக் கொடுத்துவந்த சின்ன மாத்திரை ஒன்றுண்டு. அதை மட்டும் காட்டி, "இது எப்பவும் வேணும். பிள்ளை வயித்தில இருந்தாலும் வேணும், பால் கொடுத்தாலும் வேணும். இதை நிறுத்தினா எங்கிட்ட வராதே" என்று விரலை ஆட்டினார். சரி மேடம் என்று கைகட்டி நின்றேன். நான் ஒருத்தருக்கு அடங்கி நின்றதை என் புருஷன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

இந்தக் காத்திருப்பு எப்படியோ லயத்துக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? காலையில் பேர் பதியப் பெரட்டுக்களத்துக்குப் போகிற பெண்கள் எங்கள் வாசல் இஸ்தோப்பைக் கடக்கும்போது, "என்னக்கா, லீவு கெடச்சிருச்சா?" என்பார்கள். என் புருஷனிடம் ஆண்கள் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் சாது. காது சிவக்க நடந்துவிடுவார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை, டொக்டர் என் ரிப்போர்ட்டுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மேசையில் பரப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ சரி" என்றார். அவ்வளவுதான். நான் வெளியே வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னேன். மனுஷன் எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார். நுவரெலியா பசாரில் ஒரு பெட்டி லட்டு வாங்கிப்போய் லயம் முழுக்கக் கொடுத்தேன். மாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஒல இன்னும் அடுப்புல ஏறல, அதுக்குள்ள பந்தி போடுறாளே இவ!"

லூப்பை எடுத்த நான்காவது மாசம் நாள் தள்ளியது. ஐந்தே நாள்தான் பொறுத்தேன். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிக்குப் போன் பண்ணிச் சொன்னேன், டொக்டருக்குச் சொன்னேன், பிறகு இஸ்தோப்பில் நின்று எதிர் லயத்துக்கே கேட்கும்படி சொன்னேன். மாமிக்கு வந்ததே கோபம்!

"மூணு மாசங்கூட ஆகல, கண்ணு பட்டுறாதாடி?"

"கண்ணு பட்டா மொளகா சுத்திப் போடலாம் மாமி. கிட்னி கெட்டா எதச் சுத்திப் போடுறது?"

அன்று சாயங்காலம் மாமி மிளகாயைச் சுற்றிப் போட்டார். நானும் பேசாமல் உட்கார்ந்து மூன்று முறை துப்பினேன். அவருடைய மனசும் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கர்ப்பத்தை லயமே சேர்ந்து சுமந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரைகளை உள்ளே ஒளித்து வைக்காமல் இஸ்தோப்பில் உட்கார்ந்துதான் போடுவேன். பெரட்டுக்குப் போகிறவர்கள், "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். மூன்றாம் மாசத்திலிருந்து குட்டி அஸ்பிரின் ஒன்றும் சேர்ந்தது. பிரஷர் ஏறாமலிருக்க அது உதவும் என்றார்கள். வெயில் பட்டால் இந்த நோய் கிளம்பும் என்பதால் முழுக்கைச் சட்டையும் குடையுமாகத்தான் வேலைக்குப் போவேன். "வழி விடுங்க, தொரசாணி வாறாங்க" என்று மலையிலிருந்து கத்துவார்கள். நானும் குடையைத் தூக்கிப் பிடித்து, வெள்ளைக்காரத் துரையின் பெண்டாட்டிபோல நடந்து காட்டுவேன்.

என் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று பிள்ளையின் இதயத் துடிப்பைத் தடுக்கக்கூடியதாம். அதனால் நாலாம் மாசத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை துடிப்பைக் கேட்டார்கள். முதல் தரம் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டபோது, என் புருஷன் கதவடியில் நின்றபடி, "நம்ம பெக்டரி ரோலர் கணக்கா ஓடுதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

இவ்வளவு கண்டிப்பாக இருந்த நான் ஏழாம் மாசத்தில் செய்த மடத்தனத்தை இனிமேல் எழுதத்தான் வேண்டும்.

வளைகாப்புக்குக் கோயிலில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளும் என் கிளினிக் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. அடுத்த நல்ல நாள் எட்டாம் மாசத்தில்தான். எட்டாம் மாசம் எங்கள் வீட்டில் வளைகாப்புச் செய்வதில்லை. மஸ்கெலியாவிலிருந்து அம்மா வாடகைக்கு ஒரு வானுக்குச் சொல்லிவிட்டார். தலைப் பிரசவத்துக்கு வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது முறை. போன தடவை கர்ப்பம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. இந்தத் தடவையாவது மகளை அழைத்துப்போக வேண்டுமென்று அம்மா தவம் கிடந்தார். நான் கிளினிக்குக்குப் போன் பண்ணி, ஒரு வாரம் பொறுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே ஆசை. எத்தனை பேருடைய வளைகாப்பில் சந்தனம் பூசிவிட்டு வந்திருப்பேன்! என் கைக்கும் வளையல் ஏற வேண்டாமா?

வளைகாப்புக்கு முந்தின வாரம் கால் வீங்கத் தொடங்கியது. முகமும் உப்பியது. பார்த்தவர்களெல்லாம், "மொகம் என்னமா பூரிச்சிருக்கு!", "கால் வீங்குனா ஆம்பளப் புள்ளதான்" என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நோய் வந்த நாளிலிருந்து என் முகத்தை அழகு என்று யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்கக் கேட்க இன்னும் கேட்கவேண்டும் போலிருந்தது. சிறுநீர் நுரைத்தது. கக்கூசுக்குப் போட்ட பவுடர்தான் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதே நுரையையும் இதே வீக்கத்தையும் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவள் நான். அறிவு எங்கே போயிற்றோ!

வளைகாப்புக் காலை. லயத்து வாசலில் பந்தல், ஏழு வகைச் சோறு, தலை நிறையப் பூ. காலையிலிருந்தே எனக்குத் தலை இடித்தது; பூவின் பாரம் என்று விட்டுவிட்டேன். கல்யாணமான பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி வளையலை ஏற்றினார்கள். முழங்கைவரை வந்துவிட்டது. மேலே ரோட்டில் அம்மாவின் வான் தயாராக நின்றது, என் பெட்டி அதில் ஏறிவிட்டது.

அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மிட்வைஃப் மிஸ்ஸி. நான் அழைத்திருந்தேன்தான், ஆனால் வேலை நாளில் வருவாரென்று நினைக்கவில்லை. அவரும் சிங்களப் பெண்தான். முறை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சந்தனம் எடுத்து என் இரண்டு கன்னத்திலும் பூசினார். கன்னத்தில் விரலை ஒரு கணம் அழுத்திப் பார்த்தார். குனிந்து ஆசீர்வாதம் பண்ணுவதுபோல என் பாதத்தைத் தொட்டு, அங்கேயும் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு பச்சை வளையல் ஒன்றைப் போட்டுவிட்டு, "நங்கி, இன்னொண்ணும் போடணும்" என்று தங்கையிடம் சொல்வதுபோலச் சொல்லிக் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, வளையல்களுக்கு மேலே, என் புஜத்தில் பட்டியைச் சுற்றினார். பெண்கள் சிரித்தார்கள். யாரோ குலவையும் போட்டார்கள்.

மெஷின் நூற்றறுபதுக்கு மேலே போய் நின்றது. மிஸ்ஸி இரண்டாம் தரமும் அழுத்திப் பார்த்தார். அதே கணக்கு.

"தல வலிக்குதா?"

"பூவு மிஸ்ஸி, பாரம்..."

"பூவ விடு. வலிக்குதா இல்லையா? கண்ணுல மினுங்குதா?"

"மினுங்குது."

"கிளினிக் போகாம இங்க ஒக்காந்து வளையல் போடுறியா நீ!" அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "இப்பவே ஆஸ்பத்திரி. ஒரு நிமிஷமும் இல்ல."

குலவை போட்ட வாய்கள் மூடிக்கொண்டன. பிள்ளை அசைகிறதா என்று கையை வைத்தேன். கைநிறைய வளையல் இருந்ததால் அதன் சத்தம்தான் கேட்டது. அம்மா முன்னால் வந்து நின்றார்.

"வளையல் போட்ட பொண்ணு மொதல்ல தாய்வீட்டு வாசல மிதிக்கணும் மிஸ்ஸி. ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா ஆகாது. அங்க கூட்டிப் போயி, வெளக்கேத்திட்டு, சாயங்காலமே மஸ்கெலியா ஆஸ்பத்திரியில காட்டிருவேன். எங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

தாய்வீட்டுக்கு அட்டன் வழியாகப் போய், மஸ்கெலியா தாண்டி, அதற்கு மேலே தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஏற வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். என் புருஷன் என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பேசுகிறவள்தான் நான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? போன தடவையும் இப்படித்தான், யார் மனசும் நோகாமல், எந்த வழக்கமும் கெடாமல் நடந்தேன்.

மாமிதான் எழுந்தார். அம்மாவின் கையைப் பிடித்தார்.

"சம்பந்தி, வீடுன்னா என்ன, சொவரா? நீங்க எங்க இருக்கீங்களோ அதுதான் அவளுக்குத் தாய்வீடு. நீங்க மொதல்ல வான்ல ஏறி ஒக்காருங்க. அவ ஒங்ககிட்ட வந்து ஏறட்டும். முறை முடிஞ்சிச்சு. அங்கேருந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அம்மா ஒரு நொடி மாமியைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறிப் போய் வானுக்குள் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "வாடி என் கண்ணே, வா" என்று இரண்டு கையையும் நீட்டினார். நான் ஏறினேன். மாமியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று திரும்பினேன். "என்னடி பாக்குற, போ! சோறெல்லாம் நான் போட்டுக்குறேன்" என்று விரட்டினார். நான் எத்தனையோ சண்டை போட்ட அந்த மனுஷியின் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது.

சந்தனமும் பூவும் முழங்கைவரை வளையலுமாக நான் தலவாக்கலைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, கல்யாணப் பெண் வந்திருக்கிறாள் என்று வாங்கிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்டார்கள், பிரஷர் கொஞ்சம் இறங்கியது, அன்றைக்கே அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். முப்பத்தோராவது வாரம். இது பழைய நோய் விழித்ததா, அல்லது கர்ப்பத்தால் வந்த பிரஷரா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்குமாம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னார்கள்: நோய் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிரஷர்தான். நோயும் சேர்ந்து விழித்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது, மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போட்டது நல்லதாகப் போயிற்று என்றார்கள். இஸ்தோப்பைக் கடக்கும்போதெல்லாம் "போட்டாச்சா?" என்று என்னை அரித்தெடுத்த ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பிள்ளையின் நுரையீரல் முற்றுவதற்கு எனக்கு இரண்டு ஊசி போட்டார்கள். பிறகு நாளை ஓட்டுவதுதான் வேலை. ஒவ்வொரு நாளும் காலையில் டொக்டர்மார் வட்டமாக வந்து நிற்பார்கள். பிரஷர், சிறுநீர், இரத்தம், பிள்ளையின் துடிப்பு. "இன்னைக்கும் உள்ளேயே இருக்கட்டும்" என்பார்கள். அதைக் கேட்டதும் நான் அம்மாவுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். வார்டு வாசலில் மல்லிக் கோப்பிப் பிளாஸ்கோடு நிற்கும் அம்மாவும் கட்டைவிரலைத் தூக்குவார். யார் கற்றுக்கொடுத்தார்களோ! நுவரெலியா டொக்டர் போனில் வந்து, "உன் வளையல் பாட்டு இங்க வரைக்கும் கேட்டுது" என்றார். இந்தத் தடவை நன்றாக ஏசினார். கிளினிக்கைத் தள்ளிப்போட்டதற்கு ஐந்து நிமிஷம் விடாமல் ஏசினார். கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

அப்படி மூன்று வாரம் ஓட்டினோம். முப்பத்து நாலாவது வாரம் ஒரு காலையில் பிரஷர் மருந்துக்கு அடங்கவில்லை. "இன்னைக்கு எடுத்துருவோம்" என்றார்கள். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் வளையல் ஆகாது. பிரசவம் முடியும்முன் வளையலைக் கழற்றக்கூடாது என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன்னே அம்மா சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றுகூட உடையாமல், ஒவ்வொன்றாக நழுவவிட்டு எடுத்தார். எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தியதுபோல ஒரு நேரம் வந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் இல்லை. தெரிந்த சாமியையெல்லாம் ஏசினேன். கும்பிடவில்லை, ஏசினேன். பிறகு ஒரு கீச்சுச் சத்தம். பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிசாக, ஆனால் விடாமல். "பொம்பளப் புள்ள" என்று சொல்லி, ஒரு நொடி என் கண்ணுக்கு முன்னே காட்டிவிட்டு எடுத்துப்போனார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டு நாள் நான் அவளைப் பார்க்கவில்லை. என் பிரஷர் இறங்கும்வரை கட்டிலைவிட்டு அசையக்கூடாது என்றார்கள். என் புருஷன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வார்: கையை ஆட்டுறா, கொட்டாவி விட்டா, இதயம் ஒழுங்கா ஓடுதாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். மூன்றாம் நாள் காலை பிரஷர் இறங்கியிருந்தது. சிறுநீரும் தெளிய ஆரம்பித்திருந்தது. பிள்ளை பெற்ற பிறகுதான் சில பேருக்கு இந்த நோய் விழிக்கும், அதனால் வீட்டுக்குப் போனாலும் கிளினிக்கை விடாதே என்று எச்சரித்துவிட்டு, நடக்கலாம் என்றார்கள். தையல் இழுக்க இழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நானே நடந்து போனேன். சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குறைமாசப் பிள்ளைகளின் அறைக்கு முன்னால் ஏழெட்டுத் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தது. ஒரு நர்ஸ் துணிச் சுருளொன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். பிள்ளையின் கையில் கட்டியிருந்த அட்டைத் துண்டைப் பார்த்து நம்பரை வாசித்துவிட்டு, வரிசையைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்:

"இந்தப் பிள்ளையோட அம்மா யாரு?"

அது என் நம்பர். எழுந்துவிட்டேன். தையல் பிடித்து இழுத்தது, கண் இருட்டியது, கவலையில்லை.

"நான்தான்!" என்று தமிழில் கத்தினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ என்று சிங்களத்திலும் கத்தினேன். "நான்தான் அம்மா! நான்தான்!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் திடுக்கிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா நங்கி, மெதுவா. பிள்ளை முழிச்சிக்கும்."

"முழிக்கட்டும் மிஸ்ஸி" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.